ஐஸ் கோழியும் ஐந்து காசுப் பையும்

இறைச்சிக்கோழி ஏற்றுமதிக்கு விதித்திருந்த தடையை மலேசியா 2022 அக்டோபர் 11ஆம் தேதி நீக்கியது. அந்த மாதம் முடிவதற்குள் எங்கள் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியின் மேல்தட்டிலிருந்து உறையவைத்த பிரேசில் கோழி காணாமல் போய்விட்டது. தடை தொடங்கிய ஜூன் முதல் தேதியிலிருந்து அதுவரை அம்மா அதைத்தான் சமைத்தார். குழம்பு வைத்தார், வறுத்தார், என் மகளின் பிறந்தநாளுக்குப் பிரியாணியும் போட்டார். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. பிரியாணிக்கு இரண்டாம் முறை தட்டை நீட்டியவர்களும் உண்டு. ஆனாலும் பழைய கோழி திரும்பி வந்துவிட்டது என்று கேள்விப்பட்ட மறுநாளே, யாரிடமும் ஒரு வார்த்தை கேட்காமல், அம்மா சிங்கப்பூரின் தேக்கா சந்தைக்குப் பேருந்து ஏறிவிட்டார். விலை குறைந்த, ருசியில் எவரும் குறை காணாத, மாதக்கணக்கில் வாங்கிப் பழகிய ஒரு பொருள், ஒரு சண்டை சச்சரவுகூட இல்லாமல் வீட்டைவிட்டு வெளியேறியது எப்படி என்ற கேள்வி எனக்குள் அப்படியே தங்கிவிட்டது.

பேரங்காடியில் பல்குச்சியில் குத்திய சாஸேஜ் துண்டை நீட்டும் பெண்மணியை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். ஒருமுறை வாயில் பட்டுவிட்டால் அடுத்த முறை கை தானாகவே பொட்டலத்தை எடுக்கும் என்பது அந்தத் தொழிலின் நம்பிக்கை. அது சரியென்றால், 2022இல் நடந்ததைவிடப் பெரிய சுவைமாதிரி விநியோகம் இந்தத் தீவில் நடந்திருக்க முடியாது. மாதத்துக்கு 36 இலட்சம் கோழிகள் வரையிலான ஏற்றுமதியை மலேசியா நிறுத்தியது. அதற்கு முந்தைய ஆண்டு சிங்கப்பூர் இறக்குமதி செய்த கோழியில் 34 விழுக்காடு அங்கிருந்துதான் வந்தது. அதில் ஏறக்குறைய எல்லாமே உயிரோடு வந்து இங்கே அறுக்கப்பட்டவை. உறையவைத்த கோழிக்கு மாறிக்கொள்ளுங்கள் என்று அதிகாரிகள் சொன்னார்கள், நாமும் மாறினோம். ஜூன் மாத இறுதியில் இந்தோனேசியாவுக்கும் அனுமதி கிடைத்து, குளிரூட்டிய கோழி அங்கிருந்து வரத் தொடங்கியபோதும் எங்கள் வீட்டில் பிரேசில் கோழியே ஓடிக்கொண்டிருந்தது. இத்தனைக்குப் பிறகும் அது அம்மாவின் மனத்துக்குள் ஓர் அங்குலம்கூட நுழையவில்லை.

கட்டைவிரலுக்கு வேலை

அம்மாவின் கோழி அறிவு முழுவதும் தேக்கா ஈரச்சந்தையில் சேர்ந்தது. கடைக்காரர் கோழியைத் தராசில் வைப்பதற்கு முன் அம்மா அதன் மார்புச் சதையைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார். விழுந்த பள்ளம் உடனே எழும்ப வேண்டும். பிறகு இறக்கையைத் தூக்கி அடியில் முகர்ந்து பார்ப்பார். தோல் வறண்டிருந்தால் எதுவும் பேசாமல் அடுத்ததைக் கைகாட்டுவார். "குழம்புக்கா அக்கா?" என்று கடைக்காரர் கேட்பார். "ஆமா தம்பி, தோலை உரிச்சிடு. ஈரலையும் கழுத்தையும் தனியா வை" என்பார் அம்மா. சிறு வயதில் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, ஈரத் தரையில் செருப்பு வழுக்காமல் நின்று, வெட்டுக்கட்டையில் கத்தி விழும் ஓசையைக் கேட்டபடி நானும் இதைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கோழியும் அங்கே அறுக்கப்பட்டதல்ல. எல்லையைக் கடந்து லாரியில் வந்து, இங்குள்ள அறுப்புக்கூடத்தில் அறுபட்டு, குளிரூட்டப்பட்டு, விடிவதற்கு முன் கடைக்கு வந்து சேர்வது. அம்மாவுக்கும் அது தெரியும். தெரிந்திருப்பதால் எதுவும் மாறிவிடவில்லை.

வாங்குபவரின் மனப்பான்மை எப்படி உருவாகிறது என்று ஆராய்ந்தவர்கள் இதில் வியக்க எதுவுமில்லை என்பார்கள். ஒன்றைத் திரும்பத் திரும்பக் காண்பதே அதன்மீது விருப்பத்தை வளர்த்துவிடும், அதற்கு வாதமோ விளக்கமோ தேவையில்லை என்று ராபர்ட் ஸாயன்ஸ் 1968இல் எழுதினார். நேரடி அனுபவத்தில் விளைந்த மனப்பான்மைக்குச் செயலை இழுக்கும் வலிமை அதிகம் என்பதை 1977இல் டென்னிஸ் ரீகனும் ரஸல் ஃபாசியோவும் வெளியிட்ட ஆய்வு காட்டியது. கார்னல் பல்கலைக்கழகத்தில் விடுதி அறைகள் போதாமல் போய், முதலாண்டு மாணவர்கள் சிலர் பொதுக்கூடங்களில் மடக்குக் கட்டில் போட்டுப் படுக்க நேர்ந்தது. அறை கிடைத்தவர்களும் கிடைக்காதவர்களும் நிர்வாகத்தின்மீது ஒரே அளவு கோபத்தைத்தான் தெரிவித்தார்கள். ஆனால் யாருடைய கோபத்துக்கும் செயலுக்கும் பொருத்தம் இருந்தது என்று பார்த்தால், கட்டிலில் படுத்தவர்களிடம்தான் இருந்தது.

அம்மாவின் மனப்பான்மை இந்த வகையைச் சேர்ந்தது. பிளாஸ்டிக் உறைக்குள் கல்லாக இறுகிக் கிடக்கும் கோழியிடம் கட்டைவிரலுக்கு வேலை கிடையாது, மூக்குக்கும் கிடையாது. உறையின்மீது அச்சடித்த தேதியை நம்ப வேண்டும். அம்மா தேதிகளை நம்புகிறவர் அல்லர். அப்படியானால், நான்கு மாதங்களுக்கு மேல் சமைத்ததும் நேரடி அனுபவம்தானே என்று கேட்கலாம். நான் அருகிலிருந்து பார்த்தது வேறு. முந்தைய இரவே கோழியைக் கீழ்த்தட்டில் இறக்கிவைத்துவிட்டால் காலையில் தட்டில் இளஞ்சிவப்பு நீர் தேங்கியிருக்கும். "பாத்தியா" என்பார். வெந்த பிறகு எலும்போரத்தில் கருஞ்சிவப்பாக ஒரு கறை தெரியும். இளங்கோழி உறையும்போது எலும்பு மஜ்ஜையிலிருந்து கசியும் நிறமிதான் அது, உண்பதற்குத் தீங்கில்லை. அதையும் கரண்டியால் சுட்டிக்காட்டி, "பாத்தியா" என்பார். குழம்பு நன்றாக வந்த நாள்களில் பாராட்டு மிளகாய்த்தூளுக்குப் போனது. தேக்காக் கோழியில் எப்போதாவது அதே கறை தென்பட்டால் தீ சரியாக எரியவில்லை என்பார். ஒவ்வொரு சமையலும் அவர் ஏற்கெனவே எழுதிவைத்திருந்த தீர்ப்புக்கு இன்னொரு சாட்சியானதே தவிர, வழக்கு மறுவிசாரணைக்கு வரவே இல்லை.

வந்தவர்களுக்கு எதைப் போடுவது

தடைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி வீட்டார் வந்தார்கள். அன்று அம்மா கோழியையே தொடவில்லை. ஆட்டிறைச்சி வாங்கினார்; அதன் விலையைப் பற்றி மூச்சுவிடவில்லை. பேத்தியின் பிறந்தநாளுக்கு ஆகும் கோழி சம்பந்திக்கு ஆகாதா என்று நான் கேட்டதற்கு, "வந்தவங்களுக்கு ஐஸ் கோழியா போடுறது?" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். ருசி, சுகாதாரம், சத்து என்று அதுவரை அவர் அடுக்கிய காரணங்கள் எதுவும் அந்த வரியில் இல்லை. மனப்பான்மை என்பது அதை வைத்திருப்பவருக்கு ஏதோ ஒரு வேலையைச் செய்துகொடுக்கிறது என்று 1960இல் டேனியல் கட்ஸ் சொன்னார். சில மனப்பான்மைகள் பயனைத் தேடித் தருகின்றன, சில நம்முடைய தன்மதிப்பைக் காக்கின்றன, சில உலகத்தை வகைபிரித்துப் புரிந்துகொள்ள உதவுகின்றன. இன்னும் சில, நாம் எப்படிப்பட்டவர்கள் என்பதை ஊருக்குக் காட்டுகின்றன. அம்மாவின் கோழி கடைசி வகையில் சேரும். விடியற்காலையில் எழுந்து, சந்தைக்குப் போய், பார்த்துப் பொறுக்கி வாங்கிவந்தேன் என்பதுதான் அவர் விருந்தாளியின் இலையில் உண்மையில் பரிமாறுவது. கோழி அதற்கு ஒரு சாக்கு. இதை நான் கேலியாகச் சொல்லவில்லை. இப்படி ஒரு வேலையைச் செய்யும் மனப்பான்மையைச் சத்துப் பட்டியலைக் காட்டி அசைக்க முடியாது என்றுதான் சொல்கிறேன்.

இங்கே எண்களையும் பார்க்க வேண்டும். தடை வருவதற்கு முன்பே, 2021இல், சிங்கப்பூரின் கோழி இறக்குமதியில் ஏறத்தாழப் பாதி பிரேசிலிலிருந்து வந்தது. அவ்வளவு தூரத்திலிருந்து கப்பலேறி வருவது உறைந்துதான் வரும். ஆனால் எங்கள் புளோக்கில் யாரைக் கேட்டாலும், இன பேதமின்றி, ஐஸ் கோழி சாப்பிடுவதில்லை என்பார்கள். பிறகு நாட்டில் பாதிக் கோழியை யார்தான் சாப்பிடுகிறார்கள்? வெளியில் சாப்பிடும்போது நாம்தான் சாப்பிடுகிறோம். வேறு யார் சாப்பிடுவார்கள்? உணவங்காடியில், திருமண விருந்தில், அலுவலகப் பகலுணவில், பொரித்த இறக்கையாகவும் கறியாகவும் அதைத் தின்றுவிட்டு வீட்டுக்கு வந்து, எங்கள் வீட்டில் அதெல்லாம் வாங்குவதில்லை என்கிறோம். இதைப் பொய் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அது நாம் வாங்கிய கோழி அல்ல என்பதால் நம் கணக்கில் ஏறவில்லை, அவ்வளவுதான்.

ஐந்து காசு செய்த வேலை

கோழிக்கதை இத்துடன் நின்றிருந்தால், வயதானவர்கள் மாறமாட்டார்கள் என்று எல்லாரையும்போல நானும் ஒதுக்கிவைத்திருப்பேன். 2023 ஜூலை 3ஆம் தேதி பிளாஸ்டிக் பைக் கட்டணம் வந்தது. ஆண்டு விற்பனை 10 கோடி வெள்ளியைத் தாண்டும் நிறுவனங்களின் பேரங்காடிகள் ஒரு பைக்குக் குறைந்தது 5 காசு வாங்க வேண்டும் என்பது விதி. வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டில் வாழும் யாருக்கும் அந்தப் பைகளின் அருமையை விளக்கத் தேவையில்லை. அடுப்படிக் குப்பைக்கூடைக்குள் விரித்து, முடிச்சுப் போட்டு, குப்பைக் குழாயில் தள்ளுவதற்கென்றே அவற்றைச் சேர்த்துவைப்போம். எங்கள் வீட்டுப் பாத்திரத்தொட்டிக்குக் கீழே, பைகளைத் திணித்துவைத்த ஒரு பெரிய பை தொங்கிக்கொண்டிருந்தது. கட்டணம் வந்த புதிதில் அம்மா முணுமுணுத்தார். அஞ்சு காசு பெரிய காசா என்று ஒரு நாள், ஓசியில கொடுத்ததுக்கு இப்பக் காசா என்று மறுநாள். ஆனாலும் புடவைக்கடையில் கொடுத்த ஒரு துணிப்பையை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொள்ள ஆரம்பித்தார்.

சில மாதங்கள் கழித்து ஒரு சனிக்கிழமை அவருடன் தேக்காவுக்குப் போயிருந்தேன். ஈரச்சந்தைக் கடைகள் இந்த விதிக்குள் வருவதில்லை. அங்கே சிவப்புப் பை இன்றும் இலவசம். காய்கறிக்கடைக்காரர் கத்தரிக்காயை ஒரு பையிலும் முருங்கைக்காயை இன்னொன்றிலும் போடக் கையை நீட்டியபோது அம்மா துணிப்பையை விரித்துப் பிடித்து, "பை வேணாம் தம்பி, இதிலயே போட்டுடு" என்றார். அவர் சிரித்துக்கொண்டே, "காசில்லக்கா, சும்மாதான்" என்றார். "அது தெரியும். வீட்ல இத்தனை பையை வச்சு என்ன செய்றது?" என்றார் அம்மா. இத்தனை ஆண்டுகளாக அந்தப் பைகளை நீவி, மடித்து, சேர்த்துவைத்தவர் பேசுகிற பேச்சா இது என்று எனக்குத் தலை சுற்றியது. கோழிக்கடையில் மட்டும் பையை வாங்கிக்கொண்டார், இரத்தம் ஒழுகுமே. திரும்பி வரும்போது பேருந்தில், எப்போதிலிருந்து இந்தப் பழக்கம் என்று கேட்டேன். "நான் எப்பவுமே இப்படித்தான். உங்கப்பாதான் ஊர்ப்பட்ட பையை வாங்கிட்டு வருவாரு" என்றார். கேலி செய்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை, முழு நம்பிக்கையோடுதான் சொன்னார்.

அந்தப் பதிலைத்தான் நான் இன்றுவரை திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். மனப்பான்மை மாறியவர்களிடம் முன்பு என்ன நினைத்தீர்கள் என்று கேட்டால், இப்போது நினைப்பதையே முன்பும் நினைத்ததாகச் சொல்வார்கள் என்று 1970இல் டேரில் பெம்மும் மக்கானலும் தங்கள் சோதனையில் கண்டார்கள். பெம் அதற்கு முன்பே ஒரு கருத்தை வைத்திருந்தார்: உள்ளே தெளிவான கருத்து இல்லாதபோது, அடுத்தவரைப் பார்த்து ஊகிப்பதைப் போலவே நம் செயலை நாமே பார்த்துத்தான் நம் மனத்தை ஊகித்துக்கொள்கிறோம். துணிப்பையோடு திரியும் ஒரு பெண்ணை அம்மா தினமும் பார்த்தார். அவர் எப்படிப்பட்டவர் என்று ஒரு முடிவுக்கு வந்தார். அதே அம்மா மாதக்கணக்கில் பிரேசில் கோழி சமைத்த ஒரு பெண்ணையும் பார்த்திருக்கிறாரே, அப்போது ஏன் அந்த முடிவுக்கு வரவில்லை?

இதற்கு எனக்குத் திருப்தி தரும் விடை 1959இல் லியோன் ஃபெஸ்டிங்கரும் ஜேம்ஸ் கார்ல்ஸ்மித்தும் ஸ்டான்ஃபோர்டில் செய்த ஒரு சோதனையில் இருக்கிறது. மாணவர்களை ஒரு மணி நேரம் வெறுப்பூட்டும் வேலையில் உட்காரவைத்தார்கள். நூற்கண்டுகளைத் தட்டில் அடுக்கி, எடுத்து, மறுபடி அடுக்குவது. பிறகு பலகையில் செருகிய 48 முளைகளை ஒவ்வொன்றாகக் கால்வட்டம் திருப்புவது. முடிந்ததும், வெளியே காத்திருப்பவரிடம் இது சுவையான வேலை என்று சொல்லும்படி கேட்டுக்கொண்டார்கள். அதற்குச் சிலருக்கு 1 டாலர், சிலருக்கு 20 டாலர். பிற்பாடு உங்களுக்கு உண்மையிலேயே அந்த வேலை எப்படி இருந்தது என்று விசாரித்தபோது, 20 டாலர் பெற்றவர்கள் அலுப்பு என்றார்கள். 1 டாலர் பெற்றவர்கள், அப்படியொன்றும் மோசமில்லை என்றார்கள். 20 டாலர் வாங்கியவருக்குத் தாம் சொன்ன பொய்க்குக் காரணம் கையில் இருந்தது. 1 டாலர் வாங்கியவருக்கு அந்தக் காரணம் போதவில்லை. மிச்சத்தை மனத்தை மாற்றிக்கொண்டுதான் ஈடுகட்ட வேண்டியிருந்தது.

மலேசியத் தடை அம்மாவுக்குக் கிடைத்த 20 டாலர். ஏன் ஐஸ் கோழி என்று யார் கேட்டாலும், வேறு வழியில்லை என்ற பதில் நாடு முழுவதற்கும் பொதுவாக இருந்தது. அந்தப் பதில் இருந்தவரை, இந்தக் கோழியும் நல்ல கோழிதான் என்று நினைத்துக்கொள்ள அவருக்கு அவசியமே ஏற்படவில்லை. தடை போனதும் பதில் போயிற்று, கோழியும் போயிற்று. 5 காசு அப்படியல்ல. அவரே சொன்னதுபோல அது பெரிய காசில்லை. வேண்டுமென்றால் கொடுத்துவிட்டுப் போகலாம், யாரும் தடுக்கப்போவதில்லை. கொடுக்க முடிந்த காசைக் கொடுக்காமல் வீட்டிலிருந்து பையைச் சுமந்துபோகும் ஒருவர், 5 காசுக்காகச் சுமக்கிறேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்ள முடியாது. அது கஞ்சத்தனமாகத் தெரியும். ஆகவே, நான் பையை வீணாக்காதவள் என்று சொல்லிக்கொள்கிறார். கட்டணம் 5 வெள்ளியாக இருந்திருந்தால் அம்மா பேரங்காடியில் ஒரு பைகூட வாங்கியிருக்கமாட்டார். தேக்காவில் சிவப்புப் பைகளை இரண்டு மடங்காக வாங்கியிருப்பார் என்பது என் துணிபு.

இந்த விளக்கத்தில் ஓட்டை இல்லாமலில்லை. கட்டணம் ஒவ்வொரு முறையும் கல்லாவில் பை வேண்டுமா என்று கேட்க வைக்கிறது. பின்னால் நிற்பவர்கள் காதில் விழ அதற்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. கோழி விஷயத்தில் யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. அதோடு, பையைப் பற்றி அம்மாவுக்கு ஆழமான கருத்து எதுவும் இருந்ததில்லை, கோழியைப் பற்றி இருந்தது. பெம்மின் கருத்து பைக்குப் பொருந்துவதும் கோழிக்குப் பொருந்தாததும் அதனால்கூட இருக்கலாம். ஆனால் வேண்டாம் என்று சொல்ல இடம் விட்ட மாற்றமே உள்ளே இறங்குகிறது என்ற எண்ணத்தை இவற்றால் நான் கைவிடவில்லை.

வாங்குபவரைத் தொடாமலே வாங்கும் பொருளை மாற்றிவிடும் வழியும் இருக்கிறது. பொட்டலத்தில் வரும் பானங்களுக்கு 2022 டிசம்பர் 30 முதல், A முதல் D வரை தரம் காட்டும் நியூட்ரி-கிரேட் முத்திரை வந்தது. 100 மில்லிலிட்டரில் 10 கிராமுக்கு மேல் சர்க்கரை இருந்தால் D தரம், விளம்பரமும் செய்யக் கூடாது. ஓராண்டு கழித்துக் கடையில் கலந்து தரும் பானங்களுக்கும் அது விரிவடைந்தது. பொட்டலப் பானங்களில் சர்க்கரையின் இடைநிலை அளவு 2017இல் 7.1 விழுக்காடாக இருந்தது, 2023இல் 4.6 விழுக்காட்டுக்கு இறங்கியது. என் அண்ணன் முன்பு குடித்த அதே பொட்டலத்தைத்தான் இன்றும் குடிக்கிறார், அந்த எழுத்தை ஒருநாளும் படித்ததில்லை. மோசமான எழுத்து ஒட்டிக்கொள்ளுமே என்று தயாரிப்பாளர்கள் முன்கூட்டியே சர்க்கரையைக் குறைத்துவிட்டார்கள். அண்ணனின் உடம்புக்கு நல்லது. அவருடைய இனிப்பு ஆசை இருந்த இடத்திலேயே இருக்கிறது. காப்பிக்கடையில் இன்னும் சர்க்கரை கூட்டித்தான் கேட்கிறார்.

அடுத்த கோழி

இப்போது இன்னொரு கோழி காத்திருக்கிறது. ஆய்வகத்தில் உயிரணுக்களிலிருந்து வளர்த்த கோழியிறைச்சியை விற்க உலகிலேயே முதலில் அனுமதி தந்த நாடு சிங்கப்பூர். அது 2020 டிசம்பரில். 2024 பிப்ரவரியில், குறிப்பிட்ட நிபந்தனைகளுக்கு உட்பட்டால் முஸ்லிம்கள் அதை உண்ணலாம் என்று முயிஸ் எனப்படும் சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றம் ஃபத்வா வெளியிட்டது. அதே ஆண்டு மே மாதம் ஹியூபர்ஸ் இறைச்சிக்கடையில், 3 விழுக்காடு மட்டும் ஆய்வகக் கோழியிறைச்சி கலந்த பொட்டலம் 120 கிராம் 7 வெள்ளி 20 காசுக்கு விற்பனைக்கு வந்தது. பாதுகாப்பு, சமயம் என்று பெரிய கேள்விகளுக்கெல்லாம் பதில் தயாராக இருந்தும் எங்கள் புளோக்கில் அதைப் பற்றி ஒருவரும் பேசி நான் கேட்டதில்லை. அம்மாவிடம் தொட்டி, உயிரணு, ஊட்டத் திரவம் என்று முடிந்தவரை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, அது எந்தத் தட்டில் இருக்கும் என்று மட்டும் விசாரித்தார். உறைபெட்டியில்தான் என்றேன். அத்துடன் அவருக்கு விவகாரம் முடிந்துவிட்டது; ஆய்வகம் வரை போகவே அவசியம் ஏற்படவில்லை.

விற்பவர்கள் பூமியைக் காக்கலாம், உயிரைக் கொல்ல வேண்டாம் என்கிறார்கள். நல்ல காரணங்கள்தான். ஆனால் அவை பெரிய காரணங்கள். ஒரு நாளைக்கு ஏற்றுக்கொண்டுவிட்டு மறுநாள் தேக்காவுக்குப் போய்விடலாம். உணவு வழங்குவோர் வழியாக அது நம் கல்யாணப் பந்திகளில் சத்தமில்லாமல் நுழைந்துவிடும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை, பிரேசில் கோழிக்கு அந்த வழி நன்றாகவே தெரியும். அம்மா காசு கொடுத்து வாங்குவது வேறு கதை. அதற்கு ஒரு கெஞ்சலோ, ஒரு சின்னச் செலவோ, பேத்தி ஒருநாள் ஆசைப்பட்டுக் கேட்பதோ போதுமாக இருக்கலாம். ஒன்பது வயதாகும் அவள் இப்போதைக்குக் கோழிக்காலைத் தவிர வேறெதையும் கேட்பதில்லை, அந்தப் பொட்டலத்தில் எலும்பும் கிடையாது.